நிறம் போன சோதனைக் குழாய்

சண்முகவடிவு தன் நாற்பத்தெட்டாவது வயதில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அவளுடைய நெறியாளர் டாக்டர் ஜெசிந்தா அவளைவிடப் பத்து வயது இளையவர். இவள் அவரை மேடம் என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

நாவல் கொட்டையில் என்னென்ன இருக்கிறது என்பதுதான் ஆய்வு. பீனால், டானின், காலிக் அமிலம் என ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்துவிட்டாள். கொட்டைச் சாற்றைச் சில சொட்டு விட்டதும் ஊதா நிறக் கரைசல் வெளிறி மஞ்சளானது. உடம்பைக் கெடுக்கும் அணுக்கூறுகளை அடக்கும் சக்தி சாற்றுக்கு உண்டு என்பதற்கு அது அடையாளம். அன்று சங்கரன்கோவிலில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து மகிழ்ச்சியோடு சொன்னாள். கொட்டைப் பொடியும் அனுப்பினாள். அண்ணனுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை.

ஒரு மாதம் கழித்து, காலையில், கையில் சிறு குப்பியோடு ஜெசிந்தாவின் அறைக்குள் வந்தாள்.

"மேடம், இந்தச் சாற்றை அண்ணனுக்குக் கொடுக்கலாமா? பொடியைவிட இதுக்கு வீரியம் அதிகம்தானே?"

"என்ன ஆச்சு அக்கா?"

"பத்து நாளா மாத்திரையை நிறுத்திட்டாராம். அண்ணி இப்பதான் போன்ல அழுதாங்க. சர்க்கரை நானூறைத் தொட்டிருச்சு. கால்ல புண் வேற."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"வரமாட்டேங்கிறார். வடிவு அனுப்பின பொடி இருக்கே, அது போதும்கிறார்."

ஜெசிந்தா எழுந்து ஆய்வகத்துக்குப் போனார். ஊதாக் கரைசல் நிறைந்த குழாய் ஒன்றோடு திரும்பினார். மேசையில் ஆறிக்கொண்டிருந்த பால் சேர்க்காத கட்டன் சாயாவில் இரண்டு சொட்டு எடுத்துக் குழாயில் விட்டார்.

ஊதா வெளிறியது. மஞ்சளானது.

சண்முகவடிவு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பார்?" என்று ஜெசிந்தா மெதுவாகக் கேட்டார்.

"அஞ்சாறு இருக்கும். அதுல சர்க்கரை ஒண்ணும் குறைஞ்சதில்லையே."

சண்முகவடிவு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தா அவள் கையிலிருந்த குப்பியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"அப்ப நான் மூணு வருஷமா செஞ்சது பொய்யா மேடம்?"

"இல்லக்கா. ஒவ்வொரு அளவும் சரி. நானே திரும்பச் செஞ்சு பார்த்திருக்கேன். குழாய்க்குள்ள நடந்ததைத்தான் நாம எழுதியிருக்கோம்."

சண்முகவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான்தானே மேடம் அவர் மாத்திரையை நிறுத்துனதுக்குக் காரணம். இனி எந்த முகத்தோட போய் நிப்பேன்? பொடியால சர்க்கரை குறையாதுன்னு சொன்னா நம்பவா போறார்?"

ஜெசிந்தா அவளுடைய பையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"அந்தக் கொட்டையில என்ன இருக்குன்னு அவருக்கு என்னக்கா தெரியும்? நீங்க கொடுத்தீங்கன்னு சாப்பிட்டார். நீங்க கூப்பிட்டா ஆஸ்பத்திரிக்கும் வருவார்."