தத்துக்கிளியின் பின்னங்கால்

மடத்துச் சாமிக்கு அன்றைக்கு விடிந்ததிலிருந்தே கடைவாய்ப் பல் வலி. அந்த நேரம் பார்த்து நல்லசிவம் மறுபடியும் வந்து நின்றான்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"நேத்தும் அதான் சொன்னே."

"மனுசனுக்குக் குணம் பிறவியிலே வருதா, சேருற இடத்தாலே வருதா?"

"முந்தாநாளும் அதான் கேட்டே. போய் அடுப்பைப் பாரு."

நல்லசிவம் போகவில்லை. தலை நரைத்த ஆள். பொட்டல் ஓரத்து மடத்தில் வெகுகாலமாகச் சாமியோடு இருக்கிறான். கிணற்றுத் தண்ணீரில் எறும்பு மிதந்தால் அதை விரலால் எடுத்து வெயிலில் விட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவான். அதனாலேயே தினமும் சோறு தாமதம். சாமிக்கு அதிலும் எரிச்சல்தான்.

போன சந்தையன்று நடந்தது ஊருக்கே தெரியும். ஒரு பிள்ளையைக் காணோம். சாணை பிடிக்க வந்த ஒரு ஆளைப் பார்த்து யாரோ "பிள்ளை பிடிக்கிறவன்" என்று கத்திவிட்டார்கள். சந்தை முழுக்க அவன்மேல் விழுந்தது. காணாமல்போன பிள்ளை வெங்காய வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் சாணைச் சக்கரம் உடைந்து, அந்த ஆளின் கையும் உடைந்துபோயிற்று. இப்போது அவன் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். யார் அடித்தது என்று போலீஸ் வந்து கேட்டது. கூட்டம் என்றார்கள். எந்தத் தெருவில் கேட்டாலும் அதே பதில்.

அந்தக் கையை மிதித்தவர்களில் நல்லசிவமும் ஒருவன். பருப்பு வாங்கப் போனவன். இது சாமிக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி வந்ததும் அவனே அழுதுகொண்டு சொன்னான். சொன்னதிலிருந்து இந்தக் கேள்வி. விடிந்தால் கேள்வி, இலை போட்டால் கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் மடத்து வாசலிலேயே நின்று போகிறது. இவன் ஏறினால்தானே.

சாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பொட்டலில் இறங்கி வெகுநேரம் குனிந்து தேடினார். ஊறுகாய்ப் பாட்டிலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது என்னலே?"

"தத்துக்கிளி."

மூலையில் வலைத்துணி கட்டிய கூடை ஒன்று இருந்தது. சில நாளாகவே சாமி பொட்டலில் எதையோ பொறுக்கி அதில் போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ மருந்துக்குப் பச்சிலை என்று நல்லசிவம் நினைத்திருந்தான். சாமி துணியை விலக்கினார். உள்ளே தத்துக்கிளிப் பட்டாளமே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது.

பாட்டிலைக் கூடையோடு ஒட்டி வைத்தார். தத்துக்கிளி பதறி, பாட்டிலின் அந்தக் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா?"

"பாவம், கூச்சப்படுது."

"வெட்டுக்கிளி தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன் சாமி. வானத்தை மறைச்சுக்கிட்டு வந்து வயக்காட்டையே மொட்டை அடிச்சிரும். அது வேற இனம். ராட்சச இனம். இது சாது."

சாமி மூக்கால் சிரித்தார். பல் இன்னும் வலித்தது. காவி கட்டுவதற்கு முன்னால் வடக்கே மணல்காட்டில் சர்க்கார் பூச்சித் தடுப்பு ஆபீசில் வேலை பார்த்தவர் அவர். தெரியாதவன் தெரிந்ததுபோல் பேசினால் அவருக்கு ஆகாது.

தத்துக்கிளியை எடுத்து இரண்டு விரலால் பிடித்து நல்லசிவத்திடம் கொடுத்தார். கூடவே ஒரு கோழி இறகு.

"இதோட பின்னங்காலைத் தடவு."

"எதுக்கு சாமி?"

"கேள்வி கேட்கிற வாயாலே காத்தைக் குடி. தடவு. நிறுத்தாதே."

நல்லசிவம் தடவினான். வெயில் ஏறியது. கை மாற்றினான். முதுகு வலிக்கிறது என்றான். எனக்குப் பல் வலிக்கிறது என்றார் சாமி. கண் சொருகியது. அடுப்பங்கரை விறகால் ஒரு தட்டு விழுந்தது. அன்றைக்குச் சோறே பொங்கவில்லை.

உச்சி சாய்ந்தபோது சாமி "போதும்" என்றார். தத்துக்கிளியைப் பாட்டிலில் விட்டு, பாட்டிலைக் கூடையோடு ஒட்டி வைத்தார்.

தத்துக்கிளி நிமிர்ந்தது. விறுவிறு என்று கூடைப் பக்கம் வந்து கண்ணாடியில் முட்டியது. விழுந்து எழுந்து மறுபடியும் முட்டியது.

நல்லசிவம் இறகைக் கீழே போட்டான்.

"இப்போ இது என்னலே?"

"வெட்டுக்கிளி மாதிரி..."

"மாதிரி என்ன மாதிரி. ரெண்டும் ஒண்ணுதான். மழை பேஞ்சா ஏகமாப் பெருகும். அப்புறம் காஞ்சு போகும். மிஞ்சின பச்சையிலே அத்தனையும் வந்து அடையும். காலோட கால் உரசும். உரசினா உடம்புக்குள்ளே ஒண்ணு சுரக்கும். 'தனியா இருந்தாச் செத்தே, சேர்ந்து கிளம்பு'ன்னு அது சொல்லும். அப்படியே விட்டா நிறம் மாறும். இடுற முட்டையிலேயும் அந்தப் புத்தி ஏறும்."

"அப்போ பிறவியிலே இல்லையா?"

"பிறவியிலே இல்லாதது எங்கேருந்துலே வரும்? மரபணுவிலே சாதுவும் இருக்கு, ராட்சசனும் இருக்கு. சுரப்பு வந்து ஒண்ணை எழுப்பும்."

நல்லசிவம் குனிந்து பாட்டிலைப் பார்த்தான். சந்தைக்குப் போய் வந்ததிலிருந்து அவன் முகத்தில் இல்லாத தெளிச்சி வந்தது.

"புரிஞ்சிருச்சு சாமி."

சாமி நிமிர்ந்து பார்த்தார். இவன் புரிந்தது என்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

"என்ன புரிஞ்சுது?"

"மிதிச்சது நான் இல்லை. நாலு பக்கமும் ஆளு. இடிச்சாங்க, நெருக்கினாங்க. உள்ளே என்னமோ சுரந்துட்டுது. அது மிதிச்சிட்டுது."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நாள் போச்சு. ஒரு வேளைச் சோறும் போச்சு.

"எந்தக் காலு?"

"சாமி?"

"மிதிச்ச காலு எதுலே?"

"வலது."

"நீட்டு."

நல்லசிவம் தயங்கித் தயங்கி நீட்டினான். சாமி தரையில் உட்கார்ந்து, கோழி இறகை எடுத்து அவன் கெண்டைக்காலைத் தடவ ஆரம்பித்தார். மெதுவாக. மேலும் கீழும். நல்லசிவம் நெளிந்தான்.

"யார் கையையாவது மிதிக்கணும்னு வருதா?"

"கூசுது சாமி."

"இன்னும் தடவட்டுமா?"

"வேண்டாம் சாமி."

"வேண்டாம்னு சொல்ல வாய் வருதுல்ல?"

நல்லசிவம் காலை இழுத்துக்கொண்டான். தெளிச்சி போய்விட்டது. பாட்டிலை எடுத்துக் கூடையை விட்டுத் தள்ளி வைத்தான். அவனுக்கு இன்னும் ஒரு வழி மிச்சம் இருந்தது.

"தனியா விட்டா இது பழையபடி ஆயிருமா சாமி?"

"ஆயிரும்."

"நானும் இங்கே வந்து தனியாத்தானே கிடக்கேன். பழையபடி ஆயிட்டேன்ல?"

"ஆயிட்டே. எறும்பெல்லாம் பொறுக்குறியே."

நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டான். தூரத்தில் ஆஸ்பத்திரி பஸ் வருகிற புழுதி தெரிந்தது. சாமியும் பார்த்தார், அவனும் பார்த்தான்.

"அப்போ அன்னிக்கு அந்தக் கையை மிதிச்சது யாரு சாமி?"

"அதான் ஊரே போலீஸ்கிட்டச் சொல்லியாச்சே. கூட்டம்னு."

"நான் என்ன சொல்லணும்?"

சாமி கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டம்னு ஒருத்தனை நான் இந்த மடத்திலே சேர்த்ததே இல்லை. நல்லசிவம்னு ஒருத்தனைத்தான் சேர்த்தேன். அவனை பஸ் ஏறச் சொல்லு."