பல்லி விட்டுப்போன வால்

அந்தக் காலத்தில் பல்லியும் பேசும், கடிகாரமும் பேசும். மனிதர்கள்தான் காது கொடுப்பதில்லை. அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: சவரிராயன், அவர் மனைவி எமிலி, பழைய தகட்டுக் கடிகாரங்கள் ஏழு, பல்லி ஒன்று.

தகட்டுக் கடிகாரத்துக்கு முள் கிடையாது. எண் எழுதிய தகடுகள் நிமிடத்துக்கு ஒன்றாகக் கவிழும். ஊர் ஊராக அலைந்து அவற்றைச் சேர்ப்பதென்றால் சவரிராயனுக்கு உயிர். ஆனால் கடைசியாக வாங்கிய பச்சைக் கடிகாரத்தில் தகடுகளைத் தாங்கும் கம்பி ஒடிந்திருந்தது. நிமிடத்துக்கு நாலைந்து தகடுகள் கொட்டின.

“மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். சரியா ஓடலைன்னா பிரிச்சு, மத்த ஆறுக்கும் உதிரியா வச்சுக்குவேன்” என்றார்.

“அப்பாடா, ஒண்ணாவது குறையட்டும்! மேசையில சோத்துத் தட்டு வைக்க இடமில்லை” என்றாள் எமிலி.

பச்சைக் கடிகாரம் பல்லியிடம் கிசுகிசுத்தது. “அக்கா, கேட்டியா? என்னைப் பிரிக்கப் போறாராம்.”

அதன் வயிற்றுக்குள், மோட்டார் சூட்டில்தான் பல்லி குடியிருந்தாள். “மழைக்காலம் பூரா எனக்குச் சூடு கொடுத்தியே, சும்மா விட்டுடுவேனா?” என்றவள், கம்பி இருந்த இடத்தில் தன் வாலை நுழைத்தாள். பக்கத்துக் கடிகாரம் ‘தட்’ என்னும்போதெல்லாம் வாலை லேசாகத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தகடு கவிழ்ந்தது.

மத்தியானம் மணி சரியாக இருந்தது. சவரிராயனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “உள்ளே என்னதான் நடந்துச்சு?” என்று திருப்புளியை எடுத்தார்.

“ஓடிடு அக்கா! எமிலியம்மா பார்த்தா விளக்குமாத்தை எடுப்பாங்க!”

“நான் ஓடினா உன் தகடெல்லாம் கொட்டிடுமே!”

பின்மூடி அசைந்தது. அதுவரை பல்லியின் வாலும் மாட்டு வால்போல உடம்போடு உறுதியாக ஒட்டியதுதான். பல்லி கண்ணை மூடிக்கொண்டு உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினாள். வால் அறுந்து அங்கேயே தங்கியது, அவள் சுவரேறிவிட்டாள். தனியானது வாலுக்குத் தெரியவில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை துடித்து, தகடுகளை ஒவ்வொன்றாக விட்டது.

சவரிராயன் எட்டிப் பார்த்தார். “அட, ஸ்பிரிங்! நான்தான் எப்பவோ போட்டிருக்கேன்.”

“போட்டதே மறந்துபோச்சா? நல்ல மெக்கானிக்!” என்று சிரித்தபடி எமிலி சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

பல்லிக்கு வேறு வால் முளைத்தது. ஆனாலும் அன்று முதல்தான், வால் அறுந்த பிறகும் துடிக்கிறது. இன்னும் யாரையோ தாங்கிக்கொண்டிருக்கிற நினைப்பு அதற்கு. மேசையில் மிஞ்சிய கடிகாரங்கள் ஏழு.