ஒரு குறையுமில்லை

“இவன் பொய் சொல்றான், மேடம்,” என்றார் தவமணி.

சுகந்தி மேடம் நிமிரவில்லை. “யாரு?”

“டைட்டஸ்.”

டைட்டஸ் செத்து இருநூறு வருடமாகிறது. அமெரிக்காவில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவன். தப்பி வடக்கே போய், எழுதப் படிக்கக் கற்று, தன் கதையைச் சிறு புத்தகமாக அச்சில் கொண்டுவந்தவன்.

அந்தப் புத்தகத்தையும், அந்தக் காலத்தில் அடிமைகளைப் பற்றி அங்கே எழுதப்பட்ட மற்றவற்றையும் தவமணி எட்டு வருடமாகப் படித்துவருகிறார். வயது ஐம்பத்து மூன்று. திருமங்கலம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர்.

சுகந்தி மேடம் அவருடைய ஆய்வு நெறியாளர். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

இன்று மேடம் கையெழுத்துப் போட்டால் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். போடாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். படித்ததெல்லாம் வீட்டு அலமாரிக்குப் போகும்.

வராந்தாவில் வேதநாயகி டீச்சர் காத்திருந்தார். அதே பள்ளிதான். தவமணி சொல்லித்தான் போன வருடம் அவரும் மேடத்திடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்திருந்தார்கள். தவமணி உள்ளே நுழையுமுன் டீச்சர் சொன்னார்:

“கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார். ஜிகர்தண்டா உங்க செலவு.”

“முதல்ல வாங்குவேனான்னு பாப்போம் டீச்சர்.”

“உங்களுக்கென்ன. நிக்கிறதுல எப்பவோ டாக்டர் பட்டம் வாங்கியாச்சு.”

அது உண்மை. மேடத்தின் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று மேடத்துடையது. மற்றதில் எப்போதும் விடைத்தாள் கட்டுகள். அந்த நாற்காலி பிரம்பா பிளாஸ்டிக்கா என்றுகூட தவமணிக்குத் தெரியாது.

இன்றும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“என்ன பொய்?” என்று கேட்டார் மேடம்.

“என் எஜமானர் இரக்கமுள்ளவர், அவர் வீட்டில் எனக்கு ஒரு குறையுமில்லைன்னு எழுதறான். ரெண்டு பக்கம் தள்ளிப் பாத்தா, பனி உறைஞ்ச ஆத்து மேல செருப்பில்லாம ஓடறான். குறையில்லாதவன் ஏன் மேடம் ஓடறான்?”

“ம்.”

“புத்தகத்துக்கு முன்னாடி நாலு வெள்ளைக்காரங்க கையெழுத்து. ‘இந்த ஆளை எங்களுக்குத் தெரியும், நல்லவன், இதை இவனேதான் எழுதினான்’னு. தானே எழுதினவனுக்கு எதுக்கு மேடம் சாட்சி?”

மேடம் மேசைமேல் இருந்த தாளை எடுத்தார். தவமணி கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருந்த தாள். உரக்கப் படித்தார்.

“‘இவ்வாய்வேடு திரு. தவமணி அவர்கள் தாமே எழுதியது என்றும், அன்னாரது நன்னடத்தை எனக்குத் தெரியும் என்றும் சான்றளிக்கிறேன்.’”

தாளை மறுபடி மேசைமேல் வைத்தார்.

“சொல்லுங்க சார். எதுக்கு சாட்சி?”

தவமணிக்குக் காது சுட்டது. “இது வெறும் நடைமுறை, மேடம்.”

“ஓ.”

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது.

“சரி. டைட்டஸை நம்பலை. வேற யாரை நம்பறீங்க?”

“விளம்பரங்களை.”

“எந்த விளம்பரம்?”

“ஓடிப்போனவங்களைப் பிடிச்சுக் கொடுக்கச் சொல்லி முதலாளிங்க பத்திரிகையில போட்டது. டைட்டஸுக்கும் ஒண்ணு இருக்கு. ‘நீலக் கோட்டு போட்டிருப்பான். முதுகில் பழைய தழும்புகள் உண்டு. இனிமையாகப் பேசுவான், நம்ப வேண்டாம்.’ தழும்பு பத்தி டைட்டஸ் புத்தகத்துல ஒரு வார்த்தை கிடையாது மேடம். அடிச்சவன் எழுதறான். அடி வாங்கினவன் எழுதலை.”

“அதனால அடிச்சவனை நம்பறீங்க.”

“அவனுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே.”

“டைட்டஸுக்கு?”

“டைட்டஸுக்கும் இல்லை. அதான் என் நாலாம் இயல். எழுதும்போது அவன் சுதந்திர மனுஷன். எஜமான் எங்கேயோ, இவன் எங்கேயோ. யாருக்குப் பயந்து ‘ஒரு குறையுமில்லை’ங்கறான்? ஒண்ணு, அவன் மனசு இன்னும் அடிமையா இருக்கணும். இல்லேன்னா எழுதினது வேற யாரோ.”

“கடைசிப் பக்கத்துல அவன் தங்கை வர்றா இல்ல?”

“வர்றா. ஒரே ஒரு வரி. ‘என் தங்கை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.’ அவ்வளவுதான். தங்கச்சியை அங்கேயே விட்டுட்டு வந்தவன் எஜமானுக்கு நன்றி சொல்றான் மேடம். அதுலயும் சந்தேகம் இருக்கு. அவ பேரே எழுதலை. குதிரைக்குப் பேர் எழுதறான், நாய்க்குப் பேர் எழுதறான். கூடப் பிறந்தவ பேரை ஒருத்தன் மறப்பானா? அப்படி ஒரு தங்கச்சியே இல்லைன்னு எழுதியிருக்கேன்.”

“படிச்சேன்.”

“சரியா இருக்கா மேடம்?”

மேடம் ஆய்வேட்டின் முன்பக்கங்களைப் புரட்டி ஒரு தாளை உருவினார். அவரிடம் நீட்டினார்.

“இதைப் படிங்க.”

நன்றியுரை. தவமணி நான்கு இரவு உட்கார்ந்து எழுதியது.

“இப்பவா மேடம்?”

“இப்பத்தான்.”

தவமணி தொண்டையைச் செருமினார். “‘ஒரு தாயின் பரிவோடு என் கைபிடித்து நடத்திய நெறியாளர் அவர்களுக்கு என் உள்ளம் நிறைந்த நன்றி.’”

“நான் உங்களுக்குத் தாயா?”

“ஒரு மரியாதைக்கு மேடம்.”

“மேல படிங்க.”

“‘இந்த ஆய்வுக் காலம் முழுவதிலும் அவரிடம் எனக்கு...’”

நிறுத்தினார்.

“‘அவரிடம் எனக்கு?’”

“‘...ஒரு குறையுமில்லை.’”

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

“உண்மையா?” என்றார் மேடம்.

தவமணியின் பையில் அவருடைய இரண்டாம் இயலின் பழைய பிரதி இருந்தது. ஒன்றரை வருடம் மேடத்தின் மேசையில் கிடந்தது. அதன்மேல் ஒரு பூந்தொட்டி. திரும்பி வந்தபோது திருத்தம் எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. அதை ஏனோ அவர் தூக்கிப் போடவில்லை.

“உண்மைதான், மேடம்.”

“கையெழுத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் உண்மைதான்,” என்றார் மேடம்.

பேனாவைத் திறந்தார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பிறகு முத்திரையை எடுத்து அழுத்தினார். தாளை அவரிடம் நீட்டினார்.

“பைக்குள்ள வைங்க.”

வைத்தார்.

“இனி உங்க விஷயத்துல என் கையில ஒண்ணுமில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலேர்ந்து ஆள் வருவாங்க. நான் நினைச்சாலும் தடுக்க முடியாது. புரியுதா?”

“புரியுது மேடம்.”

“வேதநாயகி!” என்று மேடம் கூப்பிட்டார்.

டீச்சர் கதவருகே வந்து நின்றார்.

“இந்தக் கட்டெல்லாம் வெளிய எடுத்துட்டுப் போங்க. பிரிச்சு வரிசை பாத்துக் கட்டணும். ஞாயித்துக்கிழமை வந்தாவது முடிச்சிடுங்க.”

“சரிங்க மேடம்.”

டீச்சர் நாற்காலியிலிருந்து கட்டுகளை எடுத்தார். மூன்று தடவை வந்து போக வேண்டியிருந்தது. கடைசித் தடவை தவமணியைப் பார்த்து, மேடத்துக்குத் தெரியாமல் புருவத்தை உயர்த்தினார். கிடைத்ததா?

தவமணி லேசாகத் தலையசைத்தார்.

நாற்காலி பிரம்பு நாற்காலி. நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

“உக்காருங்க சார்.”

தவமணி உட்கார்ந்தார். அறை வேறு மாதிரி தெரிந்தது. மேடத்தின் முகம் நேருக்கு நேராக இருந்தது. அதில் களைப்பு இருப்பதை இன்றுதான் பார்த்தார்.

மேடம் ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

“இப்ப எழுதுங்க.”

“என்ன மேடம்?”

“நன்றியுரை. நடந்தது நடந்தபடி. எழுதி, பழசை எடுத்துட்டு இதை வைங்க. அச்சாகட்டும்.”

தவமணி தாளைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார்.

இது என்ன? சோதனையா? எழுதின பிறகு பிடுங்கிக்கொள்வாரா? இல்லை, மனசு உறுத்தித்தான் கேட்கிறாரா? எட்டு வருடம் பார்த்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

“எதுக்கு மேடம் இதெல்லாம்?”

“டைட்டஸ் ஏன் எழுதலைன்னு கேட்டீங்க. அவனை விடுங்க. நீங்க எழுதுங்க.”

தவமணிக்குக் கோபம் வந்தது. எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தார்.

“எட்டு வருடம் நான் இந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன்.”

எழுதிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த வரி தானாக வந்தது.

“என் இரண்டாம் இயலின்மேல் பூந்தொட்டி வைக்கப்பட்டது.”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். எட்டிப் பார்க்கவில்லை.

“பொங்கல் விடுமுறைகளில் நெறியாளரின் விடைத்தாள்களை நான் திருத்தினேன். மதிப்பெண் பட்டியலில் அவர் கையெழுத்திட்டார்.”

இதுவரை எழுதியதை ஒருமுறை வாசித்தார். அவருக்கே நம்பும்படியாக இல்லை. பட்டம் வாங்கப்போகிறவன் பழி சொல்கிறான் என்பார்கள். வெளியிலிருந்து வருகிற ஆள் சிரிப்பார். பூந்தொட்டியாம்.

யாராவது பார்த்தவர் இருந்தால் நல்லது.

இருக்கிறாரே.

“போன வருடம் அந்தத் தாள்களில் பாதியை என்னோடு உட்கார்ந்து திருத்தியவர் ஒருவர் உண்டு. இவை அனைத்துக்கும் சாட்சி, வேதநாயகி”

பேனா நின்றது.

கதவு திறந்திருந்தது. வராந்தாவில், சிமெண்ட் தரையில், டீச்சர் காலை மடித்து உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் இருந்த கட்டுகள் எல்லாம் அவரைச் சுற்றி இருந்தன. ஒன்றைப் பிரித்து மடியில் வைத்து, விரலை நாக்கில் தொட்டுத் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். நூல் நுனி பல்லில் இருந்தது.

அவருக்கு மேடத்திடம் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நூல் பல்லில் இருந்ததால் சிரிப்பு கோணலாக வந்தது. கையால் டம்ளர் பிடிப்பதுபோல் காட்டினார். ஜிகர்தண்டா.

தவமணி தாளுக்குத் திரும்பினார்.

பெயரை அடித்தார். அடித்த பிறகும் ‘வேத’ தெரிந்தது. மறுபடி அடித்தார். தாள் கிழிகிற வரை அடித்தார்.

பிறகு மேலே இருந்த வரிகளைப் பார்த்தார். பெயர் இல்லாமலும் அவை யாரைக் காட்டும் என்று யோசித்தார். கூட உட்கார்ந்து திருத்தியவர். அடுத்து இந்த அறையில் நிற்கப்போகிறவர். அதே பஸ்ஸில் வந்தவர்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பழைய நன்றியுரையை எடுத்து, ஆய்வேட்டில் அது இருந்த இடத்திலேயே செருகினார். ஓரம் பிசகாமல் தட்டி நேராக்கினார்.

மேடம் திரும்பினார்.

“மாத்தலையா?”

“இல்லை, மேடம்.”

“பயமா?”

“எனக்கு என்ன பயம். கையெழுத்து என் பையில இருக்கே.”

“அப்புறம்?”

தவமணி நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்ததை அவரே கவனிக்கவில்லை.

“நாலாம் இயலைக் கொடுங்க மேடம்.”

“நேரமாகுது சார். ஆபீஸ் நாலு மணிக்கு மூடிடும்.”

“கொடுங்க.”

“என்ன மாத்தப் போறீங்க?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வராந்தாவுக்குக் கேட்கக் கூடாது.

“அந்தத் தங்கச்சி இல்லவே இல்லைன்னு எழுதியிருக்கேன்.”