செருப்போடு வந்த தூதன்

நான்கு பக்கமும் மலை சூழ்ந்த ஏழேரி நாட்டை வெகு காலத்துக்கு முன்னால் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவான். அவனுடைய இளைய மந்திரி நப்பின்னை நெசவாளியின் மகள், புத்தியால் சபைக்கு வந்தவள். அவளைக் கண்டாலே மூத்த மந்திரி கோளரிக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் மலைக்கு அப்பால் இருந்த மகரபுரி நாட்டின் தூதன் இருநூறு குதிரைவீரர்களோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து வணங்கினான்.

“மகாராஜா, கடல் கடந்து போருக்குப் போகிறோம். உங்கள் படை முழுவதும் எங்களோடு வர வேண்டும்.”

ஏழேரிப் படை கணவாயைத் தாண்டி மூன்று தலைமுறை ஆகியிருந்தது. ராஜா தயங்கினான்.

“தயங்கினால் மகாராஜாவை வளையல் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்!” என்றான் கோளரி.

“நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா. கை நன்றாகவே வேலை செய்கிறது,” என்றாள் நப்பின்னை.

சபை சிரித்தது. ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “படை போகும்!”

தூதன் விடுதிக்குப் போனதும் நப்பின்னை ராஜாவைத் தனியே பார்த்தாள்.

“மகாராஜா, யாரோ யாரோடோ போட்ட சண்டை. நம் ஆட்கள் ஏன் சாக வேண்டும்? அவர்கள் போனால் இங்கே யார் காவல்? இந்தத் தூதன் மேல் எனக்குச் சந்தேகம். ஒரே ஒரு நாள் படை இல்லாமல் இருந்து பார்ப்போம். புறப்பட்டது போலப் புறப்பட்டு, ஏரிக்கரைத் தோப்பில் இருக்கட்டும். அரண்மனை மணி அடித்தால் வரட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“பொழுது சாய்வதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் உன் தலை இருக்காது.”

“சரி, மகாராஜா.” சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கோளரி எழுதிய பட்டியல்படி, வாயிற்காவலர் உட்பட எல்லா வீரர்களும் முரசு கொட்டப் புறப்பட்டார்கள். அவன் வீட்டு ஆண்கள் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. தன் ஆட்களோடு பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டு, தூதன் விடுதி மாடியில் நின்று பார்த்தான்.

உச்சி வெயில் சாய்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

“நப்பின்னை, தலையை நன்றாக வாரிக்கொண்டாயா?” என்றான் ராஜா. எதற்கென்று தெரியாமலே கோளரியும் சிரித்தான்.

அவள் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை அந்தத் தூதன் யோக்கியன்தானோ? வீணாகப் பழி சொல்லிவிட்டேனோ?

சூரியன் மலையைத் தொட்டபோது தூதன் வந்தான். நப்பின்னை அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். செருப்பு கழற்றப்படவில்லை. அவன் வாய் திறப்பதற்குள் அவள் மணிக்கயிற்றை நோக்கி நடந்துவிட்டாள்.

“எழுந்திரும், ராஜா. அந்த ஆசனம் இனி மகரபுரியுடையது.” அவனுக்குப் பின்னால் உருவிய வாள்கள்.

“கோளரி! எடு வாளை! பட்டியலில் விட்டுவைத்த ஆண்பிள்ளை நீதானே!” என்று கத்தினான் ராஜா.

கோளரி தூணுக்குப் பின்னால் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

நப்பின்னை கயிற்றை இழுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

“யாரை அம்மா கூப்பிடுகிறாய்?” தூதன் சிரித்தான்.

உள்ளங்கை உரிய மறுபடி இழுத்தாள். மறுபடியும். ஏரிப் பக்கம் முரசு கேட்டது. பிறகு தரை அதிர்ந்தது. வாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

ராஜா அவர்களுடைய வாள்களையும் குதிரைகளையும் வாங்கிக்கொண்டு, கட்டுச்சோறு கொடுத்து அனுப்பினான். “உன் ராஜாவிடம் சொல். ஏழேரிப் படை வீட்டில்தான் இருக்கிறது.”

மூத்த மந்திரியின் ஆசனத்தில் நப்பின்னை உட்கார்ந்தாள். கோளரிக்கும் ராஜா ஒரு வேலை கொடுத்தான்: சபைக்கு வருகிறவர்களின் செருப்பை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது.

“ஒன்று குறைந்தாலும் எனக்கு உடனே சொல்லுங்கள், ஐயா,” என்றாள் நப்பின்னை.