சொன்ன பெயருக்கு இலை

“அம்மை, இது அநியாயம் இல்லையா?”

முத்துவீரன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. மடத்து முற்றத்தில் நின்றபடியே கத்தினார். பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். கூட்டங்களில் பேசிப் பேசிக் குரலைத் தாழ்த்துவதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பின்னால் அவர் மனைவி சொர்ணம் நின்றாள். மடத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் முறை.

மடத்தின் தலைவியான அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முத்துவீரனைவிட வயதில் இளையவர்.

“சொல்லும், தோழரே.”

“எங்க இருளப்பன் செத்துட்டான். ஆயுசு பூரா மில்லுல பிடிச்சுவச்ச ஓய்வுப் பணம் மொத்தமும் அவன் தம்பிக்குப் போகுதாம். நோயில கிடந்தவனைத் தூக்கி உட்கார வச்சுக் கழுவிவிட்டவ காளியம்மா. கட்டுன பொண்டாட்டி. அவளுக்குச் செல்லாக்காசுகூட இல்லை!”

“ஏன்?”

“வேலைக்குச் சேர்ந்தப்ப அவனுக்குக் கல்யாணம் ஆகலை. வாரிசுன்னு தம்பி பேரைக் கொடுத்திருக்கான். அதையே பிடிச்சுத் தொங்குறானுங்க ஆபீஸ்காரனுங்க. தினமும் தூக்குவாளியோட மில் வாசல்ல நின்னவளை அவனுங்களுக்குத் தெரியாதா? மனுஷியைப் பார்க்க மாட்டானுங்க, தாளைத்தான் பார்ப்பானுங்க. நாளைக்கு மறியல்!”

“கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஏன் பெயரை மாற்றவில்லை?”

“ஆபீஸ்ல தாள் நீட்டத்தான் செஞ்சாங்க. வாங்காதேன்னு நான்தான் சொன்னேன். நிர்வாகம் நீட்டுற எந்தத் தாள்லயும் எங்க ஆளுங்க கைவைக்கிறதில்லை. அது கொள்கை.”

சொல்லும்போது அவர் நெஞ்சு சற்று நிமிர்ந்தது.

அம்மை எழுந்தார்.

“பந்திக்கு நேரமாயிற்று. சாப்பிட்டுப் பேசுவோம்.”

அந்த மடத்தில் ஒரு வழக்கம். உள்ளே வருகிறவர் வாசலில் பெயர் சொல்ல வேண்டும். சொன்ன பெயருக்குத்தான் பந்தியில் இலை.

“முத்துவீரன்!”

பரிமாறுகிறவர் கூப்பிட்டதும் முத்துவீரன் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது.

சொர்ணம் தூணோரம் நின்றுகொண்டே இருந்தாள்.

“இவளுக்கு?”

பரிமாறியவர் கையை விரித்தார். “அவங்க பேருக்கு இலை இல்லைங்க.”

முத்துவீரன் வெடித்தார்.

“என்னய்யா பேச்சு இது? என்கூட வந்தவ! கண்ணு முன்னால நிக்கிறா! பசியோட நிக்கிறவளைப் பார்த்து இலை இல்லைன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு? அம்மை, இவ யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“பிறகு?”

“வாசலில் யார் பெயரைச் சொன்னீர்?”

“என் பேரை. எப்பவும் சொல்றதுதானே? தனியா வந்தே பழகிப்போச்சு.”

“மில்லில்?”

சோறு பிசைந்த கை நின்றது.

சொர்ணம் தூணை விட்டு வந்தாள்.

“அம்மை கேக்குறாங்கல்ல? மில்லுல யார் பேரு?”

“அது… சேர்ந்தப்ப கொடுத்தது. அண்ணன் பேரு.”

“எந்த அண்ணன்? நீங்க ஸ்டிரைக் பண்ணி ஜெயிலுக்குப் போனப்ப, போலீஸ் வேன்ல ஏறி வேலைக்குப் போனாரே, அந்தக் கருங்காலியா?”

பந்தியில் யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக்கினார்.

“அன்னைக்குத் தாலியை அடகு வச்சு உங்க சங்கத்துக்கே கஞ்சி ஊத்துனவ நான்.” சொர்ணத்தின் குரல் உயரவே இல்லை. “நாளைக்கு நீங்க போய்ட்டா எனக்காக மறியல் பண்ண யார் இருக்கா?”

முத்துவீரன் அம்மையைப் பார்த்தார். அம்மை வேறொருவர் இலைக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்தார். கை கழுவினார். நேரே வாசலுக்குப் போய், கோஷம் போடும் குரலில் சொன்னார்:

“சொர்ணம்!”

புது இலை விழுந்தது.

சொர்ணம் அதன் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள்.

“இங்கே கத்துனது போதும்,” என்றாள். “சட்டைப்பையில பேனா இருக்கா?”