தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

கனிராஜோட அக்கா ராத்திரி செத்துப்போனா. விடிஞ்சதும் அவ மகன் போன் பண்ணான்.

"மாமா, நாலரைக்கு எடுக்கோம். பொறந்த வீட்டுக் கோடி போட உங்கள விட்டா யாரு இருக்கா? வெரசா வாங்க."

கோடின்னா, செத்த பொம்பளைக்குக் கூடப் பொறந்தவன் போத்துற கடைசிச் சேலை. ஜவுளிக்கடை தெறக்கவும் கனிராஜ் மாம்பழக் கலர்ல ஒண்ணு எடுத்தாரு. வண்டியில வச்சாரு. கெளம்பிட்டாரு.

அது சும்மா வண்டி இல்ல. கட்டில், அடுப்பு, குளிக்கிற எடம் எல்லாம் உள்ளயே இருக்கிற கேரவன். அவரோட குரு சாரதாமணிக்கு அதுதான் வீடு. ஊர் ஊராப் போவாங்க, கேக்க வர்றவங்களுக்குப் பதில் சொல்லுவாங்க. அவங்களுக்கு முப்பத்தஞ்சு வயசு. சிஷ்யன் கனிராஜுக்கு அம்பத்தெட்டு. ஆறு வருசமா வண்டி ஓட்டுறாரு. ஆறு வருசமாச் சண்டையும் போடுறாரு.

"வழி தெரியுமா அண்ணாச்சி?"

"பழைய ரோடெல்லாம் மாத்திட்டானுவ. போன்ல மேப்பு இருக்கு."

"யாருகிட்டயாவது கேட்டுக்கலாமே."

"ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டா மூணு நாள் யோசிக்கணும். இது மூணு நொடியில சொல்லுது. பேசாம வாங்கம்மா."

சாரதாமணி சிரிச்சாங்க. பேசாம வந்தாங்க.

மூணு இருபதுக்கு அந்த ரயில் பாதை குறுக்க வந்துச்சு. மேல தண்டவாளம், கீழ சுரங்கப்பாதை. வாசல்ல மஞ்சளும் கறுப்புமா ஒரு இரும்புக் கம்பி. கம்பி ஒம்பது அடி ஒசரத்துல. வண்டியோட ஒசரம் பத்தரை அடி.

கனிராஜ் பிரேக்கை மிதிச்ச மிதியில உள்ள ஏனம் பாத்திரம் எல்லாம் உருண்டுச்சு.

பால்கேன் கட்டுன மொபெட்ல ஒருத்தன் வந்து நின்னான். வண்டிய மேலயும் கீழயும் பாத்தான்.

"ஆனைய ஏன் அண்ணாச்சி எலிப்பொந்துக்குள்ள வுடப் பாக்கீய?"

"ஒன் வேலையப் பாத்துட்டுப் போ."

"எந்த ஊருக்கு?"

கனிராஜ் ஊரைச் சொன்னாரு. கோடி கொண்டு போறதையும் சொன்னாரு. அவன் மொகம் மாறிடுச்சு.

"அந்த அம்மாவுக்கா? ரெண்டு கிலோமீட்டருதான். பின்னால ஏறுங்க, அஞ்சே நிமிசம். இந்த லைன்ல எல்லாமே சுரங்கந்தான். பெரிய வண்டி தாண்டணும்னா மேம்பாலத்துக்குப் போணும், முப்பது கிலோமீட்டர்."

சாரதாமணி எறங்கி, கம்பிக்குக் கீழ நடந்து அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்தாங்க.

போன் பேசுச்சு. வேற பாதை. பதினாலு நிமிடங்கள்.

"கேட்டியால? பதினாலு நிமிசம். பொறந்த வீட்டுக் கோடி பால்கேன் மேல போயி எறங்கவா? ஒரே தம்பி, மரியாதையா வண்டியில போயி எறங்குவேன்."

"அது பைக்குக்குச் சொல்லுதோ காருக்குச் சொல்லுதோ..."

"ஒனக்கு அதைவிட அதிகமாத் தெரியுமோ?"

அவன் சாரதாமணியப் பாத்தான். அவங்க வண்டியில ஏறி ஒக்காந்துட்டாங்க. அவன் போயிட்டான்.

ரெண்டு பக்கமும் முள்ளு அடர்ந்த உடைமரம். அந்த ஆனைய ரிவர்ஸ் எடுக்கவே கால் மணி நேரம் ஆச்சு.

ரெண்டாவது சுரங்கத்துலயும் கம்பி. உள்ள முழங்கால் அளவு மழைத்தண்ணி. ஊரு இப்ப ஏழு கிலோமீட்டர்.

போன் பேசுச்சு. வேற பாதை. பத்தொன்பது நிமிடங்கள்.

"பத்தொன்பதுதான். ஓட்டிரலாம்" கனிராஜ் தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. மருமகன் மூணு தடவ கூப்பிட்டான். மூணு தடவையும் "வந்துட்டேன்ல, பக்கத்துலதான் நிக்கேன்"னாரு.

மூணாவது சுரங்கத்துக்கு வந்தப்ப மணி நாலே முக்கால். அங்கயும் அதே மஞ்சக் கம்பி. இப்ப ஊரு பதினோரு கிலோமீட்டர்.

போன் அடிச்சது.

"மாமா... வெயில்ல இதுக்கு மேல வைக்க முடியல மாமா. எங்க தெரு சுயம்பு அண்ணாச்சி, அம்மாவுக்குத் தம்பி மொறைதானே. அவுக கோடி போட்டுட்டாவ. எடுத்தாச்சு."

அவன் குரலுக்குப் பின்னால வேட்டுச் சத்தம் கேட்டுச்சு. மருமகன் போனை வச்சிட்டான்.

கனிராஜ் எஞ்சினை நிறுத்துனாரு. அக்கா, புருசன் அடிச்ச ராத்திரியெல்லாம், "எனக்குத் தம்பி இருக்கான்"னு சொல்லியே வாழ்ந்தவ. கடைசியில தெருக்காரன் தம்பியா வந்து நின்னிருக்கான்.

போன் பேசுச்சு. வேற பாதை. நாற்பத்தொரு நிமிடங்கள்.

அதைப் புடுங்கி வெளிய வீசுனாரு. அப்புறம் சாரதாமணி பக்கம் திரும்புனாரு.

"மொத சுரங்கத்துல எறங்கிப் போனீயளே. அங்க என்ன தெரிஞ்சுது?"

"பந்தல் தெரிஞ்சுது அண்ணாச்சி."

"பந்தலா?"

"பனைமரத்துக்கு நடுவுல. ஆளுங்க கூட புள்ளி புள்ளியாத் தெரிஞ்சாங்க."

"அந்தப் பயகூடப் போகச் சொல்லணும்னு ஒங்களுக்குத் தோணலியா?"

"தோணுச்சு."

கனிராஜ் ஸ்டீயரிங்க ஓங்கி அடிச்சாரு.

"தோணியும் வாயத் தொறக்கல! இவன் பட்டுத் திருந்தட்டும்னு விட்டீயளோ? எத்தன நாளு இப்படிக் கம்முனு இருந்து, அப்புறம் ஒத்த வார்த்தையில என்னைய மடக்கியிருக்கீய! இன்னைக்கும் அதானா? எங்க அக்கா பொணத்த வச்சா எனக்குப் பாடம் எடுக்கீய? சொல்லுங்க, என்ன பாடம் இது?"

சாரதாமணி தலை நிமிரல.

"பாடம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அந்தப் பையனோட போங்கன்னு சொல்லத்தான் திரும்பி வந்தேன். அதுக்குள்ள ஒங்க போன் பதினாலு நிமிசம்னு சொல்லுச்சு. நானும் நம்பிட்டேன்."