நண்பர் காருக்குப் பக்கத்தில் ஓர் இடம்

பொங்கல் கூட்டத்தில் விமான நிலையத்துக் கார் பார்க்கிங் நிரம்பி வழிந்தது. வாசலில் நின்ற ஆரோக்கியசெல்வி, வருகிற கார்களையெல்லாம் தள்ளியிருந்த பொட்டலுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஆட்களைக் கூட்டிவர வேன் ஓடியது.

ரைஸ்மில் முதலாளி தனகோடி மட்டும் காரை வாசலில் குறுக்கே நிறுத்தினார். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

"பொட்டல்ல போட நான் என்ன மாட்டு வண்டியிலயா வந்தேன்? இந்த ஏர்போர்ட் டைரக்டர் என் உயிர் நண்பன். ஒரு போன் போட்டா உன் வேலை காலி!"

செல்வி தடுப்புக் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேலை போனா போகட்டும் சார். ஆனா டைரக்டரோட நண்பர்னா மரியாதை செஞ்சாகணும். அவர் காருக்குப் பக்கத்துலயே இடம் தர்றேன், சம்மதமா?"

"அப்படி வா வழிக்கு!" தனகோடி பின்னால் நின்றவர்களைப் பார்த்து மீசையை முறுக்கினார். "எனக்கு அந்த இடம்தான் வேணும்."

"அப்ப வண்டியைத் திருப்புங்க. கூட்ட நாள்ல பயணிகளுக்கு இடம் விட்டுட்டு, ஆபீஸ் கார் எல்லாம் பொட்டலுக்குத்தான் போகும். டைரக்டரும் காலையில அங்க போட்டுட்டு வேன்லதான் வந்தாரு. உயிர் நண்பர் உங்ககிட்ட சொல்லலையா?"

பின்னால் ஹாரன் நின்று சிரிப்பு கிளம்பியது. தனகோடி ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

செல்வி விடவில்லை. "சார், அந்த போனை வேன்ல வரும்போது போடுங்க!"